பதினோரு மீட்டர்

லேப்டாப் திரையில் வந்த எண் தப்பாக இருந்தது.

அந்த முன்னறையின் நீளம் ஐந்தரை மீட்டர். வில்மான் வந்தவுடன் அளவுநாடாவை விரித்து அளந்து குறித்துக்கொண்டது அது. தெருப்பக்கச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு எலியேசரின் இரண்டு ஸ்பீக்கர்கள். நடுவில் நேற்று வந்திறங்கிய சப்வூஃபர், கறுப்பாக, ஒரு சின்ன அலமாரியைப் போல. அங்கிருந்து நாலாவது மீட்டரில் உயர்ந்த முதுகுள்ள எலியேசரின் நாற்காலி. நாற்காலிக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் சுவர், சுவரில் சமையலறைக்குப் போகும் வாசல், வாசலில் மரமணிகள் கோர்த்த திரை. சப்வூஃபரிலிருந்து கிளம்பும் அடித்தொனி அந்தச் சுவரில் மோதித் திரும்பி வரவேண்டும். வந்தது. ஆனால் அது மோதிய இடம் பதினோரு மீட்டருக்கு அப்பால் இருப்பதாக லேப்டாப் சொன்னது.

"என் வீட்டுலயே எனக்குத் தெரியாம ஒரு ரூம் கட்டிட்டாங்களாடா?" என்று எலியேசர் சிரித்தார்.

வில்மான் சிரிக்கவில்லை. நாற்பது வயதாகிறது அவனுக்கு. பாரங்கீயா நகரத்தின் பாதி நடனக்கூடங்களுக்கு ஒலியமைத்துக் கொடுத்தவன். அளக்கும் மைக்கை நாற்காலியின் தலைப்பக்கம் இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தி வைத்து, மறுபடி அளந்தான். மறுபடி அதே எண்தான்.

எலியேசரின் மனைவி ஓமாய்ரா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அளக்கும்போது வேறு சத்தம் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணி, அக்டோபர் மாதத்து வெக்கை. காற்று ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டியது. கிளினிக்கில் காது சோதிக்கும் கூண்டுக்குள் இருபது வருடம் வேலை பார்த்தவள் அவள். சத்தம் எப்படிப் போகும், எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். வெறும் சுவரைத் தாண்டிப் போய்விட்டு வந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடித்தொனிக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை.

சும்மா இருக்கப் பிடிக்காமல் நாடாவை எடுத்து, சப்வூஃபரிலிருந்து தொடங்கி, சுவர் மறித்த இடத்தில் வாசல் வழியாக இழுத்து, சமையலறையைக் கடந்து கொல்லைவரை அளந்தாள். பதினோராவது மீட்டர் கொல்லையில் துணி துவைக்கும் தொட்டிக்கு முன்னால் முடிந்தது. தொட்டிக்கு முன்னால் வெறும் சிமெண்டுத் தரை. தரையில் ஈரம் இருந்தது. காலையிலிருந்து அவள் துணி துவைக்கவில்லை.

திரும்பி வந்தபோது வில்மான் சப்வூஃபரின் பின்பக்கம் குனிந்து திருகிகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். பெரிய ஸ்பீக்கர்கள் எந்த இடத்தில் கைவிடுகின்றனவோ அந்த இடத்தில் சப்வூஃபர் கை கொடுக்கவேண்டும். இரண்டு சத்தமும் ஒரே நேரத்தில் காதை வந்து சேரவேண்டும். ஒன்று முந்தினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று அவன் எலியேசருக்குக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது நடப்பது அதுதான். அறை முழுக்க அடித்தொனி நிறைந்திருக்க, சரியாக நாற்காலியில் மட்டும் ஒன்றுமே இல்லை. எலியேசர் உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம்.

மக்தலேனா ஆற்றில் சரக்குப் படகுகளைத் தள்ளும் இழுவைக் கப்பலின் இயந்திர அறையில் முப்பத்தோரு வருடம் நின்றவர் எலியேசர். இயந்திரம் அவர் காதை மேலிருந்து கீழாகத் தின்றுகொண்டே வந்தது. முதலில் பறவைகள் போயின, அப்புறம் டிரம்பெட், அப்புறம் பெண்களின் குரல். மிச்சம் இருந்தது அடித்தளம் மட்டும், காதால் கேட்பதைவிட நெஞ்சால் கேட்கிற சத்தம். மூடிப்போன ஒரு நடனக்கூடத்திலிருந்து அந்த ராட்சத ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது போதாமல் இப்போது இந்தக் கறுப்புப் பெட்டி. மார்ச் மாதம் ஓமாய்ரா தானே அவர் காதைச் சோதித்தாள். இன்னும் ஒரு வருடம், அதிகம் போனால் ஒன்றரை. அந்தக் காகிதத்தை அவள் அவரிடம் காட்டவில்லை.

வில்மான் ஒரு திருகியைக் கொஞ்சம் திருப்பி, தொனியை ஓடவிட்டான். தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி முனகியது, அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின. எலியேசர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இப்போ வருது," என்றார். "கொஞ்சமா வருது."

லேப்டாப் திரையில் பள்ளம் கொஞ்சம் தூர்ந்திருந்தது. பக்கத்திலிருந்த எண் ஒன்பதரையாகக் குறைந்திருந்தது.

மைக் நகர்ந்திருக்கும் என்றான் வில்மான். யாரும் மைக்கைத் தொடவில்லை.

காப்பி போடுகிறேன் என்று ஓமாய்ரா சமையலறைக்குப் போனாள். மணித்திரையை விலக்கி உள்ளே கால் வைத்ததும் நின்றுவிட்டாள். எங்கேயோ இந்த உணர்வு அவளுக்குப் பழக்கம். கிளினிக்கின் கூண்டுக்குள் கதவை இழுத்துச் சாத்தியதும் வருமே, சொந்த மூச்சுகூடப் பக்கத்திலேயே விழுந்து செத்துப்போகிற அந்த அமைதி. அங்கே சுவரெல்லாம் பஞ்சு. இங்கே ஓடும் பளிங்கும் தகரமும். ஒரு கரண்டி விழுந்தால் தெருவரை கேட்கும். அவள் கோப்பையைக் கல்மேடையில் வைத்தாள். சத்தமே வரவில்லை. இன்னொரு முறை, வேண்டுமென்றே, ஓங்கி வைத்தாள். சாக்கு மூட்டைக்குமேல் வைத்ததுபோல் மந்தமாக ஒரு தட்டு. ஆற்றுச் சேற்று வாடை அடித்தது, வெள்ளம் வடிந்த பிறகு படகுகளின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் வாடை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. அதை அவள் சாத்திவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஒன்பதரை மீட்டர் என்றால் கொல்லைக் கதவின் நிலைப்படி. நாடா இன்னும் தரையில் கிடந்தது. எண் தெளிவாகத் தெரிந்தது.

காப்பி போடாமலே திரும்பி வந்தாள். அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னாள்.

அடுத்த அளவு ஏழு. சமையலறை மேஜை. அளவு குறையக் குறைய நாற்காலியின் பள்ளம் தூர்ந்துகொண்டே வந்தது. எலியேசரின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. இத்தனைக்கும் அந்த மூன்று அளவுகளுக்கும் நடுவில் வில்மான் திருகிகளை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பியிருந்தான். எப்படித் திருப்பினாலும் சத்தம் நன்றாகிக்கொண்டுதான் இருந்தது. ஒருமுறை அவன் எதையுமே தொடாமல் தொனியை ஓடவிட்டுப் பார்த்தான். ஆறரை.

வில்மான் எழுந்து சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். பெண்டாட்டி கூப்பிட்டாள், போகவேண்டும் என்றான். அவன் போன் அடிக்கவேயில்லை. லேப்டாப்பையும் மைக்கையும் திங்கட்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஓமாய்ராவை வாசல்வரை வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது.

"அக்கா, அந்தத் திரையப் பாத்தீங்களா?"

"எந்தத் திரை?"

"மணித்திரை. சத்தம் ஓடுறப்ப எல்லா மணியும் ஆடுது. நடுவுல ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் ஆடல." அவன் குரலைத் தாழ்த்தினான். "யாரோ அந்தப் பக்கம் சாஞ்சு நிக்கிற மாதிரி. அந்தப் பெட்டிய அணைச்சுடுங்க. அண்ணன் என்ன சொன்னாலும் சரி, அணைச்சுடுங்க."

பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் உள்ளே வந்து, இன்றைக்குப் போதும் என்று எலியேசரின் காதருகில் சத்தமாகச் சொன்னாள். தலை வலிக்கிறது என்றாள். அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள் என்றாள். அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மார்ச் மாசம் எடுத்தியே, அந்தப் பேப்பர். நீ காட்டலன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவள் பார்வையை லேப்டாப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குக் கோபம் இல்ல. என் காது, எனக்குத் தெரியாதா. ஆனா இன்னிக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு ஏதோ ஒண்ணு எங்கிட்ட வந்து சேருது, ஓமாய்ரா. பாதியில நிறுத்தாத."

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை. அரை மணி நேரம், அவ்வளவுதான் என்றாள். கிளினிக்கில் செய்வதுபோலவே செய்வோம்: நீ கண்ணை மூடிக்கொள், நான் தொனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டு போகிறேன், உனக்குத் தெரிந்தால் வலதுகையைத் தூக்கு. எதுவரைக்கும் தெரிகிறதோ அதுவரைக்கும் பார்ப்போம், பிறகு அணைத்துவிடுவோம். எலியேசர் சின்னப்பிள்ளைபோல் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார். இடதுகையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் ஸ்பீக்கர்களுக்கு நடுவில், சப்வூஃபர் பக்கத்தில், லேப்டாப்பை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். நேர் எதிரே நாற்காலியில் அவர். அவருக்குப் பின்னால் சுவர், மணித்திரை. தொனியை ஓடவிட்டு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். வில்மான் சொன்ன அந்த அகலம் இப்போது இல்லை. எல்லா மணியும் ஒன்றுபோல் அசைந்துகொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

தொனி அறுபது ஹெர்ட்ஸ். அவர் கை உயர்ந்தது.

ஐம்பது. உயர்ந்தது.

லேப்டாப் திரையில் எண் ஐந்தரை. சுவர். அறையின் உண்மையான நீளம். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இவ்வளவு நேரமும் கருவிதான் குழம்பியிருந்தது, இப்போது தெளிந்துவிட்டது. திங்கட்கிழமை வில்மானைக் கேலி செய்யவேண்டும் என்று நினைத்தாள்.

நாற்பது. கை உயர்ந்தது. அவர் முகத்தில் அவள் பல வருடமாகப் பார்க்காத ஒரு சாந்தம்.

எண் ஐந்து.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஐந்து. மணித்திரை ஒன்றுபோல் அதிர்ந்தபடி தொங்கியது. யாரும் அதை விலக்கவில்லை. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் வெறும் தரை, அவள் கண்ணுக்குத் தெரிந்தவரை வெறும் தரை. நாற்காலியின் முதுகு மறைத்த இடம் தெரியவில்லை.

அவள் எதையும் அழுத்தியதாக நினைவில்லை. தொனி தானே முப்பதுக்கு இறங்கியதா, அவள் விரல்தான் இறக்கியதா, தெரியவில்லை. கை உயர்ந்தது. நாலரை.

சேற்று வாடை.

"எலியேசர்," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. அவள் குரல் வாயைவிட்டு வெளியே போகவே இல்லை. பஞ்சில் விழுந்ததுபோல் உதட்டிலேயே நின்றது.

நாலேகால்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அதிர்வு நின்றது. தரை நின்றது. கண்ணாடி நின்றது. கையை நீட்டி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். சப்வூஃபரின் சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. ஸ்பீக்கர்களின் ஆம்ப்ளிஃபயரும் அணைந்தது. பிளக் அவள் கையில் இருந்தது. சூடாக.

அமைதி.

எலியேசரின் வலதுகை உயர்ந்தது.

அவள் பிளக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கை இறங்கியது. கொஞ்சம் பொறுத்து, மறுபடி உயர்ந்தது. மூடிய கண்ணுக்குக் கீழே அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சேந்துடுச்சு," என்றார் மெல்ல. "எது ஸ்பீக்கர், எது பெட்டின்னு இப்போ பிரிச்சே சொல்ல முடியல. ஒண்ணாயிடுச்சு."

எழ வேண்டும். எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். தெரியும். ஆனால் பார்வை மடியிலிருந்த லேப்டாப்புக்குத்தான் போனது.

லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் ஒலிக்காத அறையை அது அளந்துகொண்டிருந்தது.

நாலு.

எலியேசரின் இடதுகை மடியில் இருந்தது. வலதுகை தோளுக்கு மேலே உயர்ந்து நின்றது. அதன் பக்கத்தில், நாற்காலி முதுகுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக, நோயாளிகள் கூண்டுக்குள் தூக்குவதைப் போலவே ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டிக்கொண்டு, இன்னொரு கை உயர்ந்தது. ஈரமாக இருந்தது. அவர் கையைவிட நீளமாக இருந்தது.

அவர் கையை இறக்கினார்.

அது இறங்கவில்லை.