வலப்பக்கம் திரும்பாத விமானம்

குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.

இன்னும் தள்ளினாள்... இன்னும் சாய்ந்தது. கையில் ரிமோட். மேலே, வீட்டு மேசையில் அவளே வெட்டி ஒட்டிச் செய்த விமானம். மழைக்கு முந்திய சாம்பல் வெளிச்சத்தில், குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று அண்ணாந்து பார்த்தபடி மைதானத்தின் ஓரமாக ஒருவன் நடந்து வந்தான். தள்ளிப் போங்கள் என்று கத்த நினைத்தாள். சத்தமே வரவில்லை.

விமானம் நேராகப் போய் அவன் முகத்தில் மோதியது.

ஓடினாள். ஒரு செருப்பு எங்கோ கழன்றது. அவன் புல்லில் உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்தியிருந்தான், விரலிடுக்கில் ரத்தம். ஐயோ, கண் போச்சே... ஒருத்தன் கண்ணைப் பறிச்சுட்டேனே... அதற்குமேல் யோசனை ஓடவில்லை. மண்டியிட்டு அவன் கையை மெல்ல விலக்கினாள். புருவம் கிழிந்திருந்தது. கண் மூடியே இருந்தது.

"கண்ணைத் திறங்க... ப்ளீஸ், ஒரே ஒரு தடவை."

திறந்தான். சிவந்து, நீர் கோத்து, ஆனால் முழுசாக ஒரு கண். தேன் நிறம். அது அவளையே பார்த்தது. முதல் மழைத்துளி விழுந்ததும் அப்போதுதான். வேறு ஒரு நாளாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். அன்றைக்கு அழுதாள்.

"நான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேங்க," என்றான். "ஊர்ல யாருக்குக் கண்ணு கெட்டாலும் எனக்கு வியாபாரம். அதுக்காக என் கண்ணுலயேவா கை வைக்கிறது?"

சிரிக்க வைக்கப் பார்க்கிறான், பாவம். பிறகு உடைந்து கிடந்த இறக்கையைப் பார்த்து, காற்று தள்ளிவிட்டதா என்று கேட்டான். அவள் தலை ஆடியது. ஆமாம் என்று ஆட்டினாளா, அழுகையில் ஆடியதா, அவளுக்கே தெரியாது. அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

பக்கத்து கிளினிக்கில்தான் அவள் அக்கா நர்ஸ். டாக்டர் தையல் போட, அக்கா பஞ்சும் கத்தரியும் எடுத்துக் கொடுத்தாள். தங்கையை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அம்மா அப்பா போனபிறகு அக்காதான் வீட்டில் எல்லாம். அந்தப் பார்வைக்கு அவள் சின்ன வயதிலிருந்தே நடுங்குவாள்.

வீட்டுக்கு வந்து, உடைந்த இறக்கையை உடலோடு வைத்துப் பிடித்து, ரிமோட்டைத் தட்டிப் பார்த்தாள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. முந்தின நாள்தான் இறக்கையின் பின் விளிம்பில் ஏறி இறங்கும் மடலை அசைக்கிற குட்டி மோட்டாரைக் கழற்றிவிட்டு வேகமான புது மோட்டார் வைத்திருந்தாள். இடம் போதாமல் அதைக் கவிழ்த்து ஒட்டினாள். கவிழ்த்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். சரிபார்க்காமல் இல்லை, பார்த்தாள். ஆனால் விமானத்தின் மூக்குக்கு எதிரே நின்று பார்த்தாள். எந்தப் பக்க மடல் எழும்புகிறதோ அந்தப் பக்கம்தான் விமானம் சாயும். குச்சி வலப்பக்கம் போக, தன் வலப்பக்கத்து மடல் எழும்பியதும் சரி என்று விட்டுவிட்டாள். எதிரே நிற்பவருக்கு வலம் என்றால் விமானத்துக்கு அது இடம். வாலுக்குப் பின்னால் நின்றல்லவா பார்த்திருக்க வேண்டும்! பகல் முழுக்க எஞ்சினியர் ஆபீசில் வீட்டு வரைபடம் போடுகிறவள் இடம் வலத்தில் கோட்டை விட்டிருக்கிறாள்.

காற்றாம் காற்று... காற்றா செய்தது?

தையல் பிரித்த கையோடு அவன் அவள் வீட்டைத் தேடி வந்துவிட்டான். சட்டைக்குள் வாலின் ஒரு துண்டு மாட்டியிருந்ததாம், கொடுத்துவிட்டுப் போக வந்தானாம். குப்பையில் தூக்கிப் போட வேண்டியதை, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்து கொடுக்கிறவனை என்ன சொல்ல? மூக்குக்கண்ணாடிக்குப் போடுகிற குட்டி ஸ்க்ரூடிரைவர்களையும் கொண்டுவந்திருந்தான். மடலின் பொடித் திருகாணிக்கு அவை கச்சிதமாகப் பொருந்தின. பிறகென்ன, கடை விடுமுறை நாளெல்லாம் அவள் மேசையருகே ஒரு நாற்காலி அவனுக்கென்று ஆனது. அவள் ஃபோம் அட்டையைச் சீவுவாள், அவன் பசையைப் பிடித்துக்கொண்டு எதையாவது உளறுவான். அவள் சிரிப்பாள். சிரித்து முடிப்பதற்குள் புருவத்துத் தழும்பு கண்ணில் படும்.

வலிக்கிறதா என்று கேட்டால், கொசு கடித்த மாதிரிகூட இல்லை என்பான். பயந்தீர்களா என்றால், நானா என்று மார்பை நிமிர்த்துவான். அன்றைக்குக் காற்று மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால், உங்கள் கணக்கு எங்கே தப்பப் போகிறது என்பான். அவள் பசை டப்பாவைத் திருகி மூடுவாள். சொல்லிவிடலாமா... சொன்னால் அந்த நாற்காலி காலியாகிவிடுமே. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு தடவையும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

தாங்க முடியாமல் ஒருநாள் அக்காவிடம் கொட்டினாள். திட்டு விழும் என்று நினைத்தாள். அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"பையன் தங்கமான பையன்டி. அதனாலதான் சொல்றேன். அடுத்த தடவை அவர் வரும்போது நீ சொல்லு. இல்ல, நான் சொல்லிடுவேன்."

அடுத்த தடவை அவன் வந்தபோது ஜன்னலில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. விமானம் தயாராக இருந்தது. மோட்டாரைச் சரியாகத் திருப்பி ஒட்டி, வாலுக்குப் பின்னால் நின்று, பார்த்ததையே பார்த்து ஓய்ந்திருந்தாள். கடைசித் திருகாணியை முறுக்கிவிட்டு அவன் நிமிர்ந்தான். மழை விட்டதும் மைதானத்துக்குப் போகலாம், நான் நடுவில் நிற்கிறேன், என் தலைக்கு மேலே ஓட்டிக் காட்டுங்கள் என்றான். உங்கள் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை என்று சொல்லி வேறு தொலைத்தான்.

அவள் விமானத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"காத்து இல்லங்க," என்றாள். "நான்தான். மோட்டாரைத் தலைகீழா ஒட்டிட்டு, எதிர்ல நின்னு பார்த்துட்டு, சரியா இருக்குன்னு எடுத்துட்டு வந்தேன். அன்னைக்கே வீட்டுக்கு வந்ததும் தெரிஞ்சுடுச்சு. இத்தனை நாளா உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அவன் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தான். எழுந்தான். வாசலுக்குப் போனான். முடிந்தது... எல்லாம் முடிந்தது... அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். செருப்பை மாட்டப் போகிறான் என்று காத்திருந்தாள். அவன் மழையைப் பார்த்தபடி நின்றான்.

"சொல்லாமலே விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே," என்றான், திரும்பாமல். "ஏன் சொன்னீங்க?"

"நீங்க என்னை நம்பி நடுவுல போய் நிக்கிறேன்னு சொல்றீங்க... இன்னொரு தடவை உங்களுக்கு ஏதாவது ஆனா நான் தாங்க மாட்டேன்."

அவன் திரும்பினான். அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தாள். பயம் இருந்தது.

"நானும் பொய்தான் சொன்னேன். கொசு கடிச்ச மாதிரின்னு... அன்னைக்குக் கடையைச் சாத்திட்டு, நல்ல கண்ணைப் பொத்திக்கிட்டு, சுவர்ல இருக்கற கண் டெஸ்ட் எழுத்தைப் படிச்சுப் பார்த்தேன். கீழ் வரி தெரியல. உட்கார்ந்து அழுதேன். வீக்கம் வடிஞ்சு தெரியற வரைக்கும் தினம் படிச்சேன். இப்பக்கூடத் தலைக்கு மேல காக்கா பறந்தா குனியறேன்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க? இங்க அதே விமானம்தானே இருக்கு..."

"ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டேதான் வந்தேன்," என்றான். "வராம இருந்து பார்த்தேன். அது இதைவிடப் பயமா இருந்தது."

மழை பலத்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முட்டிக்கொண்டு நின்றன. வாய் திறந்தால் குரல் நடுங்கும் என்று தெரியும். நடுங்கட்டும் என்று திறந்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதான் இவ்வளவு பயம்."

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவன் காதருகே கை வைத்தான். கேட்டிருக்கும், நன்றாகவே கேட்டிருக்கும். உள் அறையில் அக்காவின் நடமாட்டம் சட்டென்று நின்றது. அக்காவுக்கும் கேட்கும்படியாக, அவள் இன்னொரு தடவை சொன்னாள்.