கிணற்றில் இல்லாத தண்ணீர்

கண்ணாடியம்மா வீட்டுக்குள் வந்த வேகத்திலேயே டீக்கடைக்காரம்மா கையிலிருந்த கெட்டிலை மேசைமேல் நங்கென்று வைத்தாள்.

"இதுலதான் நான் விஷத்தைக் காய்ச்சி ஊத்துறேனாம். நல்லாப் பாத்துச் சொல்லுங்க!"

கண்ணாடியம்மா நிதானமாகத் தன் தடித்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அரசுச் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி ஆட்டோக்காரர், ஐம்பது வயதிலும் வாய் அடங்காத மனிதர். அக்காவுக்கு முன்னால் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். தெருவில் பதினோரு பேருக்கு வாந்தி பேதி. அதில் டீக்கடைக்காரம்மாவின் ஐந்து வயது மகளும் ஒருத்தி. ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள், ஊசிவழியாகத்தான் எல்லாம் ஏறுகிறது. தெருவே பொதுக்கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. சுகாதார அதிகாரியோ, கிணறு மாதாமாதம் சோதிக்கப்பட்டது, மூன்று மாதமும் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டார். கிணறு சுத்தமென்றால் டீக்கடைதான் அசுத்தம். கடைக்கு சீல். வெள்ளிக்கிழமை வழக்கு. பெற்ற பிள்ளைக்கே நஞ்சு கொடுத்தவள் என்று ஒருத்தியைச் சொல்ல இவர்களுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ!

"கிணத்துத் தண்ணிதானேம்மா இந்தக் கெட்டில்ல காய்ச்சுவே?" என்று கண்ணாடியம்மா கேட்டார்.

"வேற ஏது? டீ கொதிக்குது. குடிக்கிற தண்ணியை அப்படியே மொண்டு குடுப்பேன். சுத்தம்னு ஒட்டியிருக்காங்களே!"

கண்ணாடியம்மா கெட்டிலின் உள்ளே நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பொருக்கு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது.

"எத்தனை நாளாச்சு இதைத் தேய்ச்சு?"

"போன வாரம்தான் தேய்ச்சேன். அந்தத் தண்ணியில சோப்பே நுரைக்காதுங்க."

அவள் கொண்டுவந்த மூன்று சோதனை அறிக்கைகளையும் கண்ணாடியம்மா ஒருமுறைக்கு இருமுறை படித்தார். கிருமி இல்லை. கடினத்தன்மை மிகக் குறைவு. மூன்றிலும் அதேதான்.

பிறகு மூவரும் ஆட்டோவில் போய்க் கிணற்றைப் பார்த்தார்கள். இருபதடி தள்ளி, சற்று மேட்டில், ஒரு லாட்ஜ். நாலு மாதத்துக்கு முன் இன்னொரு மாடி எழுப்பிப் பத்து அறைகள் கூட்டியிருந்தார்கள். கழிவுக்குழி மட்டும் பழையது.

"தம்பி, இங்க ரெண்டு நாளைக்கு ரூம் போடு. இந்தப் பொட்டலத்துல பச்சைச் சாயம் இருக்கு. குழாய் ஒழுகுதான்னு பார்க்கப் போடுறது, ஆளை ஒண்ணும் பண்ணாது. டாய்லெட்ல கொட்டித் தண்ணியை விட்டுட்டே இரு."

"துப்பறியக் கூப்பிடுவேன்னு பார்த்தா, கக்கூஸ்ல உக்கார வைக்கிறியே அக்கா!"

அந்த இரண்டு நாளும் கண்ணாடியம்மா வீடு வீடாகப் போய், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றார். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் நோட்டீஸைக் காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கண்ணாடியம்மா கேட்டுக்கொண்டபடி அதிகாரி கிணற்றடிக்கு வந்தார். கூடவே, சோதனைக்குத் தண்ணீர் பிடித்த ஊழியர். லாட்ஜ் முதலாளி கைகட்டி வேடிக்கை பார்த்தார். தெருவும் கூடிவிட்டது. ஆட்டோக்காரர் கடைசியாக வந்தார்.

"ரெண்டு நாளா ஒரே ரோதனை. லாட்ஜ்ல குளிச்சா சோப்பு போகவே மாட்டேங்குது அக்கா, உடம்பெல்லாம் வழுக்குது."

"கேட்டீங்களா சார்?" என்றார் கண்ணாடியம்மா. "இந்தத் தெருவுல சோப்பு நுரைக்காது. கெட்டில் ஒரு வாரத்துல வெளுத்துப் போகுது. அவ்வளவு உப்பு. உங்க அறிக்கையில மட்டும் மூணு மாசமும் உப்பே இல்லாத தண்ணி. அது இந்தக் கிணத்துத் தண்ணியே இல்ல. உப்பை எடுக்கிற மெஷின் தெருவுலேயே ஒரு இடத்துலதான் இருக்கு. லாட்ஜ் மாடியில."

அதிகாரி ஊழியரைப் பார்த்தார். ஊழியருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஆபீஸ்ல வாளி, கயிறு எதுவும் குடுக்கல சார். இவர்தான், 'ஏன் கஷ்டப்படுறீங்க, எங்க கிச்சன்ல பிடிச்சுக்கோங்க'ன்னார். மூணு தடவையும்."

"உதவி பண்ணது ஒரு குத்தமா?" என்று முதலாளி எகிறினார்.

"கிணறு நல்லாருக்குன்னு நினைக்கிறவன் எதுக்குய்யா வேற தண்ணியைக் குடுக்கணும்? குழி உடைஞ்சது உனக்குத் தெரியும். இருக்கிறதுலயே நல்ல தண்ணியாப் பார்த்துக் குடுத்தே பாரு, அதுலதான் மாட்டிக்கிட்டே." கண்ணாடியம்மாவின் குரல் உயரவில்லை. "தம்பி, இறை."

ஆட்டோக்காரர் வாளியை இறக்கி இழுத்தார். தண்ணீர் பச்சையாக வந்தது.

"நான் டாய்லெட்ல ஊத்தினது" என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஒரு பெண் ஓரமாக ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

"சார், ரெண்டு நாள் டைம் குடுங்க. முப்பது ரூம்லயும் ஆள் இருக்கு" என்று முதலாளி அதிகாரியின் பக்கம் குழைந்தார்.

"என் கடைக்கு அரை மணி நேரம் குடுத்தீங்களா?" என்று டீக்கடைக்காரம்மா கத்தினாள். "எம்புள்ள அங்க சாகக் கிடக்குது. இவனுக்கு ரெண்டு நாளா?"

அதிகாரி முதலாளியையும் ஊழியரையும் ஜீப்பில் ஏற்றினார், லாட்ஜைக் காலி செய்யச் சொல்லி ஆளனுப்பினார்.

அப்போது டீக்கடைக்காரம்மாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய தங்கை. கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணைத் திறந்துட்டாளாம். தண்ணி வேணும்னு கேக்குறாளாம்."

யாரோ கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை. பச்சை வாளியைப் பார்த்தாள், பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"எந்தத் தண்ணி சார் எடுத்துட்டுப் போறது? சொல்லுங்க."

அதிகாரி ஜீப்புக்குள் கையை விட்டு, பாதி குடித்த கடைத்தண்ணீர் பாட்டிலை ஒதுக்கி, அடியிலிருந்து மூடி திறக்காத இன்னொன்றை எடுத்து நீட்டினார். பின்சீட்டில் ஒரு பெட்டி நிறைய அதே பாட்டில்கள் இருந்தன.

"எங்களுக்குச் சுத்தம்னு மூணு தடவை கையெழுத்துப் போட்டீங்க" என்றாள். "நீங்க ஒரு வாய் குடிக்கலையே சார்."

பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.