பதினான்கு வரிகளைக் காணோம்!

காலை பதினொன்று இருபது.

ஜெனரல் சாண்டோஸ் நகரக் காவல் நிலையத்தில் டெலிபோன் அலறியது.

சார்ஜெண்ட் அபாத் எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் மூச்சு வாங்கியது.

"சார்... மீன் கிடங்கோட முதலாளி எஸ்தர்லிட்டா பேசறேன்... நாலாம் நம்பர் குளிர் அறைக்குள்ள யாரோ கதவை இடிக்கிறாங்க... திறக்க மாட்டேங்குது!"

"சாவி போட்டுப் பாருங்கம்மா."

"சாவியே கிடையாது சார்! கம்ப்யூட்டர் பூட்டு! அய்யோ... இப்ப இடிக்கிற சத்தமும் நின்னு போச்சு!"

பன்னிரண்டாவது நிமிடம்... கடப்பாரை கதவைப் பிளந்தது.

வெள்ளைப் புகை! மைனஸ் இருபத்தைந்து டிகிரி!

அடுக்கி வைத்த சூரை மீன்களுக்கு நடுவே ஒருவன் குந்தியிருந்தான். புருவத்தில் பனி. மீசையில் பனி.

போலீஸ் கேப்டன் மெர்லிண்டா அவன் கழுத்தில் விரல் வைத்தாள்.

"உயிர் இருக்கு!"

"சூஸ்மார்யோசெப்!" அபாத் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா, வினிகர் ஊத்தி, பச்சை மீன்ல பண்ற கினிலாவே போட்டிருக்கலாம் மேம்!"

"ஜோக்கை அப்புறம் அடிங்க. ஆளைத் தூக்குங்க."

தூக்கும்போதே அவன் பேசினான். கிடங்கின் டெக்னிகல் மேனேஜர் ரோஹெலியோ. பற்கள் தந்தியடித்தன.

"ஜோ... ஜோவெலின்... அவ எழுதின ப்ரோக்ராம்தான்... என்னைக் கொல்லப் பார்த்துச்சு..."

ஜோவெலின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தாள். இருபத்தேழு வயது. தடித்த கண்ணாடி.

"கதவுக்கு ப்ரோக்ராம் எழுதினது நீதானே?" கேட்டாள் மெர்லிண்டா.

"நான்தான் மேம். நாற்பது கிடங்குல அதைத்தான் வாங்கிப் போட்டிருக்காங்க. இதுவரைக்கும் ஒருத்தருக்கு ஜலதோஷம்கூட வந்ததில்ல!"

"இன்னைக்கு ஒரு ஆளு மீனாயிட்டான். எப்படி?"

ஜோவெலின் திரையைக் காட்டினாள்.

"உள்ளே இருக்கிறவங்க சிவப்பு பட்டனை அழுத்தினா கதவு திறக்கணும். எத்தனை செகண்டுல திறக்கணும்னு இங்கே எண் கொடுக்கணும். அஞ்சுனா அஞ்சாவது செகண்ட். யாரோ இதுல சைபர் போட்டிருக்காங்க மேம்!"

"சைபர்னா உடனே திறக்கணுமே?"

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. சைபர்னா திறக்கவே திறக்காது! அது பூட்டோட கோளாறு. அப்புறம் கடப்பாரைதான். பூட்டு செஞ்ச கம்பெனியும் கடையைக் கட்டிட்டுப் போயிடுச்சு. மாத்தச் சொன்னேன்... ரோஹெலியோ சார் மாத்தல."

"அப்போ ஆபத்துனு உனக்குத் தெரியும். சும்மா இருந்துட்டே!"

"இல்ல மேம்! ப்ரோக்ராமோட தலையிலேயே எச்சரிக்கை எழுதி வெச்சிருக்கேன். பதினாலு வரி! மெஷின் அதைக் கண்டுக்காது. படிக்கிற மனுஷங்களுக்காக எழுதறது. எங்கெங்கே காலை வாரும், எதைச் செய்யவே கூடாது... எல்லாம் அதுல இருக்கு. இதோ பாருங்க..."

மேலே தள்ளினாள்.

இன்னும் மேலே...

முகம் வெளுத்தது.

"காணோம்!"

"என்னது காணோம்?"

"பதினாலு வரியும் காணோம் மேம்! இருங்க... யார் எதை அழிச்சாலும் பதிவாகியிருக்கும்!"

தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி முளைத்தது.

'இன்று காலை 9.40. பதினான்கு வரிகள் நீக்கம். நீக்கியவர்: ஜோவெலின்.'

அபாத் விலங்கை எடுத்தார்.

"நான் இல்ல சார்! அப்போ நான் கேன்டீன்ல பன்சித் சாப்பிட்டுட்டு இருந்தேன். கம்ப்யூட்டரை மூடாம போயிட்டேன்..."

"யாரு பார்த்தா?"

"யாரும் இல்ல... தனியாத்தான்..."

"நூடுல்ஸ் வந்து கோர்ட்டுல சாட்சி சொல்லாதும்மா."

விலங்கு மணிக்கட்டைத் தொட்டது. ஜோவெலினின் கண் திரையை விட்டு நகரவில்லை. சைபருக்குப் பக்கத்தில் இருந்த கதவு எண்ணை உற்றுப் பார்த்தாள்.

"மேம்... ஒரு நிமிஷம்!"

மெர்லிண்டாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். கேப்டனின் உதடு மெல்லக் கோணியது. வாசலில் நின்ற எஸ்தர்லிட்டா பக்கம் திரும்பினாள்.

"பதினோரு மணிக்கு நீங்க எங்கே இருந்தீங்க?"

"மூணாம் நம்பர் அறையில. தினமும் அந்த நேரத்துக்கு அங்கே சரக்கு பார்ப்பேன். ஏன்?"

"அப்புறம் சொல்றேன். எல்லாரும் என்கூட வாங்க. வாசல்லயே நில்லுங்க. மூச்!"

முதலுதவி அறை. மூன்று கம்பளிக்குள் இருந்து ரோஹெலியோவின் மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. கையில் சுடச்சுட இஞ்சி டீ.

"பிடிச்சுட்டீங்களா மேம் அவளை?"

"ஒத்துக்கவே வெச்சுட்டேன்!" மெர்லிண்டா காகிதத்தைப் பிரித்தாள். "புகாரைப் படிக்கிறேன், கையெழுத்துப் போடுங்க. 'கதவு எண் என்ற இடத்தில் நாலு என்று எழுதி, அதற்கு நேராக ஜோவெலின் சைபர் போட்டாள்...'"

"நாலா?"

"நாலுதான். நீங்க மாட்டிக்கிட்ட அறை."

"தப்பு மேம். நாலு இல்ல, அங்கே மூணுனுதான் எழு..."

டீ பாதி வழியில் நின்றது.

"சொல்லுங்க சார்... மூணுனுதான் எழுதினீங்க. அப்படித்தானே?"

ரோஹெலியோ கம்பளியை உதறினான். பயத்தை மீறிக் கோபம் வெடித்தது.

"மூணுனு போட்டா மூணுதானே திறக்கக் கூடாது? நாலு எதுக்குத் திறக்கல?!"

வாசலிலிருந்து ஜோவெலின் பதில் சொன்னாள்.

"பதினாலு வரியில முதல் ரெண்டை மட்டும் படிச்சுட்டு அழிச்சுட்டீங்க சார். கடைசி ரெண்டுல எழுதியிருந்தேனே! 'கதவுகளின் எண்ணிக்கை சைபரில் ஆரம்பிக்கிறது. சைபர்தான் முதல் கதவு. மூணு என்று எழுதினால் அது நாலாவது கதவு. ஜாக்கிரதை!'"

அபாத் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

எஸ்தர்லிட்டா சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி... கெட்டுப்போன மீனுக்கு ஏத்துமதி லேபிள் ஒட்டறே, நாளைக்கே புகார் கொடுப்பேன்னு சொன்னேன். அதுக்காகவா? என்னை மூணுல சாகட்டும்னு விட்டுட்டு, நீ நாலுல லேபிளைக் கிழிச்சுட்டு இருந்தியா?"

அவன் உதறிய கம்பளியை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"சைபர் போட்டா போதாதா? எச்சரிக்கையை எதுக்கு அழிச்சே?" என்றாள் மெர்லிண்டா.

"அது இருந்தா..." குரல் இறங்கியது. "தெரிஞ்சே சைபர் போட்டவன் கொலைகாரன். அது இல்லாட்டி, எழுதி வைக்காதவ மேல பழி."

விலங்கு கை மாறியது.

பிற்பகல். ஜோவெலின் பதினான்கு வரிகளையும் திரும்ப ஏற்றினாள். மெர்லிண்டா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னொருத்தன் வந்து மறுபடியும் அழிச்சா?"

ஜோவெலின் யோசித்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பதினைந்தாவது வரியைத் தட்டினாள்.

'மேலே உள்ளதை அழிக்க விரும்புகிறவர்கள், முதலில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளவும்!'