மூன்றாவது மருந்து

விஜயலெட்சுமிக்குக் காது மட்டும் தூங்கவில்லை.

கையில் ஊசி ஏறியதும் கண் இருண்டு எங்கேயோ அமிழ்ந்துபோனதெல்லாம் சரிதான். ஆனால் இப்போது தட்டில் இரும்புச் சாமான்கள் ஒன்றோடொன்று உரசுவதும், தலைமாட்டில் மெஷின் விடாமல் சத்தம் போடுவதும், யாரோ இரண்டு பேர் சிங்களத்தில் மெதுவாகப் பேசிச் சிரிப்பதும், வயிற்றில் குளிர்ந்த எதையோ பஞ்சால் தடவுவதும் அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டார்கள் போல, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். முடிந்துவிட்டதென்றால் வயிற்றை ஏன் இப்போது துடைக்கிறார்கள்?

காலையில் மயக்க மருந்து டொக்டர் கட்டிலுக்கு வந்து சொன்னதை மகன் கஜேந்திரன்தான் தமிழில் சொன்னான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், சிங்களம் பேச வராத அவள் வயதுக்காரர்களுக்கு ஆஸ்பத்திரிக்குள் பிள்ளைகள்தான் வாய்.

"மூணு மருந்தாம்மா. ஒன்னு தூங்க வைக்கும். ஒன்னு வலி தெரியாம வைக்கும். மூணாவது, ஒடம்ப அசையவிடாம கட்டிப் போட்டுடுமாம். மூச்சுகூட மெஷின்தான் விடும்."

டொக்டர் இன்னொன்று கேட்டார். கஜேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தெனம் குடிக்கிறவங்களுக்குத் தூக்க மருந்தும் வலி மருந்தும் கூடப் போடணுமாம். நீ குடிப்பியான்னு கேக்குறாரு."

கசிப்பு என்ற கள்ளச் சாராயம் குடித்தே புருஷன் தம்பையா செத்த அன்று, பிணத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதைத் தொடமாட்டேன் என்று மகனிடம் சத்தியம் வாங்கியவள் அவள். பிறகு தோள் வலியாலோ, வெறும் வீட்டாலோ, இருமல் மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்த அரை டம்ளர் கசிப்பு இல்லாமல் ஆறு வருஷமாக அவளுக்குத் தூக்கமே கிடையாது. அதை அவன் வாயாலேயே டொக்டருக்குச் சொல்ல வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

"இல்ல ராசா."

அவன் பெருமையாகத் தலையாட்டி அதைச் சிங்களத்தில் சொன்னான்.

இப்போது சுண்டுவிரலை அசைத்துப் பார்த்தாள். விரல் இருக்கும் இடம் தெரிந்தது. அசையவில்லை. நாக்கும் அசையவில்லை. தொண்டைக்குள் குழாய். அவளைக் கேட்காமலே நெஞ்சு ஏறியது, இறங்கியது. மூன்றாவது மருந்து சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

ஒரு விரல் விலா எலும்புக்குக் கீழே அழுத்தி இடம் பார்த்தது.

எடுத்தது.

பிறகு ஒரு கோடு. சூடாக. நீளமாக. இன்னும் நீளமாக.

கத்தினாள். உதடுகூடத் துடிக்கவில்லை.

குடிப்பேன் ராசா. தெனமும் குடிப்பேன். ஓடிப்போய்ச் சொல்லு ராசா.

அவன் வெளியே பெஞ்சில் இருந்தான். உள்ளே யாரோ எதையோ சொல்ல, மறுபடி சிரித்தார்கள். கைகள் உள்ளே இறங்கின.

கண்ணை மூடி ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து காதுக்குள் இறங்கியது. நர்ஸ் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"அனே அம்மே," என்றாள் பரிவாக, ஐயோ அம்மா என்று சிங்களத்தில்.

பஞ்சால் கண்ணீரைத் துடைத்தாள். ஈரமான பிளாஸ்டரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து, இமை திறக்காதபடி நன்றாக அழுத்தி ஒட்டினாள்.