சேரன் மாமாவின் கட்டை விரல்

திருக்காட்டுப்பள்ளியில் பஸ்ஸை விட்டு நான் இறங்கியபோது மழை விட்டிருந்தது. அக்கா வீட்டுக்கு வாய்க்கால் ஓரமாகவே நடக்க வேண்டும். சம்பா நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. மத்தியானத்திலேயே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அக்கா கனிமொழியின் கணவர் சேரன் மாமா மாரடைப்பில் இறந்து, கருமாதியும் முடிந்துவிட்டது. அக்காவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போக வந்திருந்தேன்.

செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்லுவேன். அக்காவின் போனை அக்காவால் திறக்க முடியாது. மாமாவின் கட்டை விரலுக்கு மட்டும்தான் அது திறக்கும். யாரோடாவது பேச வேண்டுமென்றால் அவர் முன்னால் போய் நீட்ட வேண்டும். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய அதே விரலால் திறப்பார். யார் கூப்பிட்டார்கள், யார் என்ன எழுதினார்கள் என்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் தருவார். "புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன ரகசியம்?" என்று சிரிப்பார். அவர் போனை மட்டும் யாரும் தொடக் கூடாது. நானோ வங்கியில் உட்கார்ந்துகொண்டு "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க" என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவள். ஊருக்குத்தான் உபதேசம்.

அவர் இறந்த அன்று நடந்ததை நேரில் பார்த்தேன். சிங்கப்பூர் உறவினர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மாமாவின் போன் அவரோடு சேற்றில் விழுந்து வீணாகிவிட்டது. நம்பரெல்லாம் அக்காவின் போனில் இருந்தன, அது பூட்டிக் கிடந்தது. மாமாவின் தம்பி பரிதி, பிணத்தின் இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான்.

மாமியார் ராசம்மாள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அலறினார். "டேய், கைக்கட்ட வீட்ல அவுக்காதடா! சுடுகாட்டுலதான் அவுக்கணும்!"

"ஒரு நிமிசம்மா. நம்பர எடுத்துட்டுக் கட்டிடுறேன்."

சில்லிட்ட விரலைப் போனில் வைத்து அழுத்தினான். திறந்துகொண்டது. நம்பர் தேடுவதும் பேசுவதுமாக இருந்தவன் மறுபடி கட்ட மறந்தே போனான். பாடையைத் தூக்கும்போது மாமாவின் வலது கை மட்டும் தனியாக வெளியே சரிந்து கிடந்தது.

அந்த வாரமே போனைத் தஞ்சாவூருக்கு எடுத்துப் போய், உள்ளே இருந்ததை எல்லாம் அழித்தேன். திரும்பக் கொண்டுவந்து அக்காவின் விரலைப் பதித்து, எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த எண்ணையும் வைத்தேன். அக்காவின் பி.எட். சான்றிதழ் கல்யாணத்திலிருந்து பெட்டியடியில் கிடந்தது. அதை வைத்து ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தவறினால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஆயுள் முழுக்க அந்த வீடுதான்.

அக்கா கொல்லைக் கதவருகே நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சுடரு, போன் தானாத் திறக்குதுடி."

"ஈரம் பட்டா அப்படித்தான் ஆடும். அரண்டவ கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

அவள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு நடுவே போன் வெளிச்சமாகக் கிடந்தது. பூட்டு திறந்திருந்தது. திரையின் கீழே, விரல் வைக்கும் இடத்தில், வெள்ளையாக ஒரு தீற்றல்.

முகர்ந்தேன். சுண்ணாம்பு.

அந்த வீட்டில் வெற்றிலை போடுகிறவர் வேறு யாரும் இல்லை.

"தொடைக்கத் தொடைக்க வருதுடி," என்றாள் அக்கா.

அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். கைரேகைகள் இரண்டு இருந்தன. நான் பதித்தது ஒன்றுதான். இரண்டாவதை உடனே அழித்தேன். அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த செய்தி கண்ணில் பட்டது. 'எனக்கு வேலை வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்லை.'

அது அன்று காலையில் போயிருந்தது.

"சத்தியமா நான் அனுப்பலடி. பீரோ பூட்டியிருந்துச்சு. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு."

என் போனிலிருந்து தலைமையாசிரியையை அழைத்து, ஏதோ தவறு நடந்துவிட்டது, அக்கா கட்டாயம் வருவாள் என்று கெஞ்சினேன். சரி என்றார். அக்காவின் சாமான்களை எடுத்து வைக்க வேண்டியிருந்ததால் விடிந்ததும் கிளம்புவதாக முடிவு செய்தோம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. ராசம்மாள் வாசலில் இருந்தார். நானும் அக்காவும் கூடத்தில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். போன் எங்களுக்கு நடுவே தரையில் இருந்தது.

திரை ஒளிர்ந்தது.

ஒரு அதிர்வு. 'கைரேகை பொருந்தவில்லை.'

நாங்கள் இருவருமே அதைத் தொடவில்லை.

மறுபடி ஒரு அதிர்வு. 'கைரேகை பொருந்தவில்லை.'

யாரோ அழுத்திக்கொண்டிருந்தார்கள். கோபமாக. போன் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. வெற்றிலையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை கூடம் முழுக்க ஏறியது. தவளைச் சத்தம் சட்டென்று நின்றுபோயிருந்தது.

பிறகு, திறந்துகொண்டது.

அழைப்புப் பட்டியல் தானாக வந்தது. மெல்ல மேலே நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. ஒவ்வொரு பெயராக, நிதானமாக, அவர் பார்ப்பது போலவே. பள்ளிக்கூடத்தின் நம்பர் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

அக்கா கைகூப்பினாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏங்க... விட்டுடுங்க. நான் போறேங்க."

வாடை இன்னும் நெருங்கி வந்தது. நான் போனைப் பிடுங்கினேன். ஐஸ்கட்டியைத் தொட்ட மாதிரி விரல்கள் மரத்துப்போயின. கொல்லை வழியாக ஓடி வாய்க்காலில் வீசினேன். தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் அணைந்தது.

திரும்பி வந்து மூவரும் அரிக்கேன் விளக்கைச் சுற்றி விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். காலையில் ராசம்மாள் அக்காவின் பையைத் தானே தூக்கி வந்து ரோட்டில் வைத்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எம் புள்ளதான். இருந்தாலும் சொல்றேன். கைக்கட்ட எங்க அவுத்தமோ அங்கேயே தங்கிட்டான். இந்த வீட்டத் தாண்டி வரமாட்டான். நீ போ, கனி. திரும்பி வராத."

அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டோம். தஞ்சாவூரில் அக்காவுக்குப் புது சிம்மும் ஒரு பட்டன் போனும் வாங்கினேன். அதற்கு விரலும் வேண்டாம், முகமும் வேண்டாம். அன்றைக்கு ராத்திரி அக்காவிடம் பயமே இல்லை. என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பட்டனைத் தட்டித் தட்டித் தன் தோழிகளோடு பேசினாள். கல்யாணத்துக்கு முன்பிருந்த அக்காவைப் பார்ப்பது போலிருந்ததில் எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நானும் கூடப் போனேன். நல்ல வெயில். பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளந்தது. அலுவலகத்தில் இருந்த எழில்மொழி என்ற பெண் அக்காவின் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு, சுவரில் இருந்த வருகைப்பதிவு இயந்திரத்தைக் காட்டினாள்.

"தினமும் இதுலதான் மேடம் வைக்கணும். இப்பப் பதிஞ்சிக்கலாம். கட்டை விரல வைங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வைத்தாள்.

இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்த விரல் ஏற்கெனவே பதிவாயிருக்குன்னு வருதே மேடம். முன்னாடி இங்க வேலை பாத்தீங்களா?"

"இல்லியே. நான் இன்னைக்குத்தான் வர்றேன்."

எழில்மொழி பட்டன்களைத் தட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"சேரன்னு ஒரு பேரு காட்டுது. அப்படி யாரும் இங்க இல்லையே. இன்னைக்குக் காலையில, நான் ஆபீஸத் திறக்கறதுக்கு முன்னாடியே உள்ள வந்திருக்காரு." அவள் திரையை இன்னொரு முறை பார்த்தாள். "வெளிய போனதாப் பதிவே இல்லையே மேடம்."