கைப்பிடி ஓட்டைக் கூண்டு

சில்லுவின் அம்மாவுக்குப் பெட்டிப் பட்டறையில் வேலை. பெரிய பெரிய இயந்திரங்களை வெளியூருக்கு அனுப்ப மரப்பெட்டி அடிக்கிற பட்டறை. அங்கே உடைந்து கிடக்கும் பலகைகளில் ஒன்றிரண்டு எப்போதாவது வீட்டுக்கு வரும். அப்படி வந்த பலகையில்தான் குருவிக்கூண்டு செய்தார்கள்.

ஒரு பலகையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. பெட்டியைத் தூக்குகிறவர்கள் கையை நுழைத்துப் பிடிப்பதற்காக வெட்டிய ஓட்டை.

"வாசல் தயாரா இருக்கு. இன்னொன்னு எதுக்கு வெட்டணும்?" என்றாள் அம்மா. நாள் முழுக்க மரம் அறுத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் ரம்பத்தைத் தொடப் பிடிக்குமா?

சில்லுவுக்கும் அது சரியென்று பட்டது. பெரிய வாசல் என்றால் குருவி தாராளமாகப் போய்வருமே! வாசலுக்குக் கீழே உட்கார ஒரு குச்சியும் அடித்தாள். அடிக்கும்போது வழக்கம்போல விரலில் மரச்சில்லு ஏறியது. அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான்.

கொல்லைச் சுவரில் கூண்டை மாட்டினார்கள். ஒரு சிட்டுக்குருவி ஜோடி குடிவந்தது. வைக்கோல் போனது, பஞ்சு போனது, சில்லுவின் ரிப்பனிலிருந்து பிரிந்த நூல்கூட உள்ளே போனது. பிறகு முட்டையும் வந்துவிட்டது. சில்லு கூண்டின் மேல்மூடியைத் தூக்கி ஒரே ஒரு தடவை பார்த்தாள். அதற்குமேல் தொல்லை தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டே கொல்லைக்கு வந்தபோது, கூண்டுக்குள்ளிருந்து வைக்கோல் பறந்துகொண்டிருந்தது. குச்சிமேல் ஒரு மைனா நெஞ்சை நிமிர்த்தி நின்றது. உள்ளே இன்னொரு மைனா, வாடகைக்கு இருந்தவர்களின் சாமானை வீசுவதுபோல எல்லாவற்றையும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. துணிக்கொடியில் உட்கார்ந்து குருவிகள் இரண்டும் கத்தின.

கீழே சிமெண்டுத் தரையில் ஒரு முட்டை உடைந்து கிடந்தது.

சில்லு வாய்நிறைய நுரையோடு ஓடிப்போய்க் கையைக் கொட்டினாள். மைனாக்கள் பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பறந்தன. அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி மூடியைத் தூக்கினாள். மிச்ச முட்டைகள் மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. விரிசல் எதுவும் இல்லை.

தூக்கக் கலக்கத்தோடு வந்த தம்பிப் பொடியன் தரையைப் பார்த்தான்.

"அக்கா, ஆம்லெட் கீழ விழுந்துடுச்சா?"

"வாயை மூடுடா."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு லாரி மாமாவின் தலை எழும்பியது. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய கண்கள் சிவந்திருந்தன.

"என்ன பஞ்சாயத்து? இப்பத்தான் கண்ணசந்தேன்."

"மைனா வந்து குருவி வீட்டைப் பிடுங்குது மாமா."

"இதுக்கா இவ்வளவு கலாட்டா? உண்டிவில் எங்கிட்ட இருக்கு. ஒரே கல்லு, கதை முடிஞ்சுது."

"கல்லெல்லாம் வேண்டாம் மாமா."

"அப்ப நீயே துடைப்பத்தோட காவல் நில்லு. நான் தூங்கணும்." தலை இறங்கியது.

சில்லு உண்மையாகவே துடைப்பத்தோடு நின்றாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. மைனாவை விரட்டத் துடைப்பத்தை ஓங்கினால் குருவியும் சேர்ந்து பறந்தது. மைனா உடனே திரும்பி வந்தது. பயந்த குருவி வரவில்லை.

"நாளைக்கு நீ ஸ்கூலுக்குப் போயிட்டா யாரு காவல்?" என்று கேட்டான் பொடியன்.

"நீ இருக்கமாட்டியா?"

"இருப்பேன். ஆனா நடுவுல தூக்கம் வந்துரும்."

சில்லு துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். விரட்டுவதை விட்டுவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தாள்.

குருவி கூண்டுக்குள் நுழைந்தபோது வாசலில் பாதி இடம் சும்மா கிடந்தது. மைனா தலையை விட்டபோது வாசல் நிறைந்துபோனது. சில்லுவுக்குச் சுரீரென்றது. அவள் கையைக் கொட்டினாள். மைனா விலகியது.

"தப்பு நம்ம மேலதான்டா பொடியா. குருவிக்குன்னு சொல்லி மைனா அளவுக்கு வாசல் வச்சிருக்கோம்."

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, சின்ன ஓட்டை போட்ட பலகை ஒன்னு வேணும். இப்பவே."

"ஞாயித்துக்கிழமையும் என்னைப் பட்டறையிலதான் உக்கார வைப்பீங்களா?"

"அம்மா, முட்டை இருக்கும்மா உள்ள."

அம்மா சோப்பு நுரையை உதறிவிட்டுத் துளைக்கருவியை எடுத்தாள். "எவ்வளவு அகலம்?"

"ரெண்டு விரல்."

அம்மா மகளின் விரல்களைப் பலகைமேல் வைத்துக் கோடு போட்டாள். துளைத்தாள். சில்லு பலகையோடு சுத்தியலையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். கூண்டுக்கு முன்னால் போனதும் நின்றாள். ஆணி அடித்தால் கூண்டு அதிரும். முட்டை உருளும்.

"பொடியா, சுத்தியல் வேணாம். கம்பி எடுத்துட்டு வா."

பலகையைப் பழைய வாசல்மேல் வைத்து, கம்பியால் கூண்டைச் சுற்றிச் சத்தமில்லாமல் கட்டினாள். எல்லோரும் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

தாய்க்குருவி வந்தது. தலையை விட்டது. தோள் நுழையவில்லை. திரும்பவும் முட்டியது. முடியாமல் கொடிக்குப் பறந்துபோய்க் கத்தியது.

"அக்கா, குருவியையே வெளிய வச்சுப் பூட்டிட்டியே!" என்றான் பொடியன்.

சில்லுவுக்கு அழுகை முட்டியது. அம்மா தன் கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மாவின் விரல்கள் வேலை செய்து தடித்த விரல்கள். சில்லுவின் விரல்கள் அவற்றில் பாதி இருந்தாலே அதிகம்.

"ரெண்டு விரல்னா எல்லார் விரலும் ஒன்னாடி? யார் விரல்னு நானும் கேக்காம விட்டுட்டேன்."

பலகையைக் கழற்றி வந்தார்கள். சில்லு அரத்தால் ஓட்டையைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். கொஞ்சம் தேய்ப்பாள், அம்மா விரலை விட்டுப் பார்ப்பாள். கொஞ்சம் தேய்ப்பாள், பார்ப்பாள். கொடியில் குருவி கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அம்மாவின் இரண்டு விரல்களும் இறுக்கமில்லாமல் நுழைந்தன.

"போதும். இதுக்கு மேல தேச்சா மைனாவும் வந்துரும்."

திரும்பவும் கட்டினார்கள். கீழே இருந்த குச்சியைச் சில்லு பிடித்து முறுக்கிப் பிடுங்கி எடுத்தாள். குருவிக்கு அந்தக் குச்சி தேவைப்படவே இல்லை. நின்று முறைத்ததெல்லாம் மைனாதான்.

குருவி வந்தது. தலை, தோள், வால். உள்ளே போய்விட்டது.

"போயிடுச்சு!" பொடியன் குதித்ததில் சட்டியொன்று உருண்டது.

மைனாவும் வந்தது. தலை நுழைந்தது, உடம்பு நுழையவில்லை. கோபத்தில் பலகையைக் கொத்தியது. பிறகு கூண்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெளியே வந்த குருவியைத் திரும்ப உள்ளே விடவில்லை.

"இப்ப என்னடி செய்வ?" என்றாள் அம்மா.

சில்லு படியில் போய் உட்கார்ந்தாள். மைனாக்கள் எங்கே போய் எங்கே வருகின்றன என்று பார்த்தாள். சளைத்தபோதெல்லாம் அவை லாரி மாமாவின் கூரை ஓரத்துக்குப் போயின. அங்கே புதுச் சிமெண்டு பூசிய ஓர் இடத்தைக் கொத்திப் பார்த்தன. வாயில் வைத்திருந்த புல்லோடு கொஞ்ச நேரம் நின்றன. பிறகு மறுபடி குருவிக்கூண்டுக்கு வந்தன.

சில்லு சுவரில் எம்பி நின்றாள். "மாமா! மாமா!"

"என்னதான் வேணும் உனக்கு?" தலை எழும்பியது.

"உங்க கூரையில இருந்த ஓட்டையை அடைச்சிட்டீங்களா?"

"ஆமா. போன வாரம் பூசினேன். விடிஞ்சா போதும், மைனா ரெண்டும் கச்சேரி வச்சுக்கிட்டு இருந்துச்சு."

"அந்த ரெண்டுதான் இப்ப இங்க வந்து சண்டை போடுது."

லாரி மாமா கூரையைப் பார்த்தார். மைனாவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அதுக்கு நான் என்ன பண்ண? சிமெண்டு இறுகிப்போச்சு."

"எங்கிட்ட இன்னொரு கைப்பிடிப் பலகை இருக்கு. அதுல ஒரு கூண்டு பண்ணித் தரேன். உங்க வீட்டு அந்தப் பக்கச் சுவர்ல மாட்டணும். குருவி கண்ணுக்கே தெரியாத தூரத்துல."

"என் வீட்டுலயா? சரியாப் போச்சு. நான் தூங்கவா வேண்டாமா?"

"கட்டில் இந்தப் பக்கம்தானே இருக்கு மாமா? கச்சேரி அந்தப் பக்கம் நடக்கட்டும்."

மாமா திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். பிறகு, "நீ வளந்தா வக்கீலாத்தான் போவ. கொண்டா, ஏணி எடுக்கிறேன்," என்றார்.

அம்மா முணுமுணுத்துக்கொண்டே பலகை அறுத்தாள். சில்லு ஆணி அடித்தாள், விரலில் இன்னொரு சில்லை ஏற்றிக்கொண்டாள். மாமா ஏணியில் ஏறிக் கூண்டை உயரத்தில் மாட்டினார். அதுவரை குருவிக்கூண்டின் கூரையிலிருந்து மைனாவை இறக்குவது பொடியனின் பொறுப்பு. அவன் தூங்காமல் அதைச் செய்தான்.

மைனாக்கள் உடனே போகவில்லை. சாயங்காலம் ஆகும்போதுதான் ஒன்று மாமா வீட்டுப் புதுக் கூண்டுக்குப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தது. உள்ளே போனது. வெளியே வந்தது. மற்றதைக் கூப்பிட்டது. அதற்குப் பிறகு குருவிக்கூண்டின் கூரை காலியாகவே இருந்தது.

சில நாட்கள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த சில்லு கொல்லையில் பையோடு அப்படியே நின்றுவிட்டாள். கூண்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக்குரல் வந்தது. ஒரு குரல் இல்லை, பல குரல்கள்.

சுவருக்கு மேலே லாரி மாமாவின் தலை எழும்பியது.

"சில்லு, உன் மைனாங்க என்ன ஆட்டம் போடுதுங்க தெரியுமா? என் பனியனையே கிழிச்சு உள்ள கொண்டு போயிடுச்சுங்க."

"என் மைனா இல்ல மாமா. உங்க மைனா."

"அதுவும் சரிதான்," என்றார் மாமா. "கிழிஞ்ச பனியன்தான். இன்னொன்னும் காயப்போட்டிருக்கேன், வேணும்னா எடுத்துக்கட்டும்."

தாய்க்குருவி வாயில் ஒரு பச்சைப் புழுவோடு வந்தது. நிற்கவில்லை, சுற்றிப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குள் நுழைந்தது. உள்ளே கீச்சென்று ஒரே ரகளை.