அசையாத அம்பு

2025 அக்டோபர் 2, வியாழக்கிழமை, விஜயதசமி. அன்று பிற்பகல், சிங்கப்பூர் எல்லையை அடுத்துள்ள பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வரிசை வீட்டில், லோஷினி என்னும் பத்து வயதுச் சிறுமியின்மீது ஒரு பழி சுமத்தப்பட்டது. வீட்டுக் கணினியின் சுட்டியை அவள் கெடுத்துவிட்டாளாம்.

விசாரணை எதுவும் நடக்கவில்லை. சாட்சி ஒருவரும் இல்லை. அவளுடைய அண்ணன் யுகேந்திரன் சொன்னான். உடனே அதுவே தீர்ப்பாகிவிட்டது. இது முறையா? முறையன்று. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

லோஷினி பள்ளியிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து அம்மாவின் குரல் உயர்ந்தது.

"யுகேந்திரா! சீக்கிரம் வா! அம்பு நகர மாட்டேங்குது!"

அம்மா ராசம்மா, நீல நிறச் சேலையுடுத்தி, தலையில் பூ வைத்து, கணினியின் முன் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். அவர் அப்படி அமர்ந்திருந்ததற்குக் காரணம் இருந்தது.

அம்மா ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவந்தார். பிள்ளைகள் உறங்கப் போகும்போது அம்மா வேலைக்குக் கிளம்புவார். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா உறங்க வருவார். அப்பா சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுபவர். அவரும் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். இப்போது ஒரு பல் மருத்துவ நிலையத்தின் முகப்பில் பகல் வேலை காலியாக இருந்தது. அதற்கான தேர்வைக் கணினி வழியாகத்தான் எழுத வேண்டும். கைப்பேசியில் எழுதக்கூடாது. மூன்று மணிக்குள் உள்ளே நுழையாதவருக்கு இடமில்லை.

சுவர்க் கடிகாரம் இரண்டரையைக் காட்டியது. திரையின் நடுவில் ஒரு வெள்ளை அம்பு, யாரோ ஆணி அடித்து நிறுத்தியதைப்போல் நின்றது.

யுகேந்திரன் வந்தான். வயது பதினாறு. அந்த வீட்டின் கணினி நிபுணர் பதவிக்குத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவன்.

"தள்ளுங்கம்மா. இதெல்லாம் சின்ன விஷயம்."

எல்லாரும் மவுஸ் என்று அழைக்கும் அந்தச் சுட்டியின் கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருகினான். அம்பு நகரவில்லை. வேறு துளையில் செருகினான். நகரவில்லை. கணினியையே அணைத்து மறுபடி இயக்கினான். இசை ஒலித்தது, படம் தோன்றியது, அம்பு நகரவில்லை. பிறகு சுட்டியை மேசைமீது டக் டக்கென்று தட்டினான்.

"அடிச்சா சரியாயிருமா?" என்று கேட்டாள் லோஷினி.

"சில சமயம் ஆவும். நீ பேசாம இரு."

அவன் சுட்டியின் ஓரத்தை இலேசாகத் தூக்கி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தான். "கீழ சிவப்பா ஒரு லைட் எரியணும். எரியல. இது செத்துப்போச்சும்மா."

அம்மாவின் முகம் வாடியது. யுகேந்திரன் உடனே துப்பறியத் தொடங்கினான்.

முதல்நாள் அவர்கள் வீட்டில் ஆயுத பூசை நடந்தது. பாடநூல்கள், தையல் இயந்திரம், கத்தரிக்கோல், அப்பாவின் கருவிப்பெட்டி, கணினி என எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கணினித் திரையில் கலைமகள் படத்தை ஒளிரவிட்டுக் கற்பூரம் காட்டினார்கள். பூசைக்கு வைத்த எதையும் விஜயதசமி வரை தொடுவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம்.

"நேத்துப் பூசைக்கு முன்னாடி யாரு கடைசியா இங்க உட்கார்ந்தா?" என்று கேட்டான் அவன்.

"நான்தான். அறிவியல் பாடம் செஞ்சேன்" என்றாள் லோஷினி.

"அப்ப நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"பூசைக்கு அப்புறம் யாரும் தொடல. தொடவும் கூடாது. அப்ப நீதான் கெடுத்திருக்க!"

"நான் ஒண்ணும் செய்யல!"

"போன மாசம் கீபோர்டுல சிராப் ஊத்துனது யாரு?"

"அது போன மாசம்!"

"ஊத்துன கை இதே கைதானே!"

போன மாதத்துச் சிராப் பானத்துக்கும் இந்த மாதத்துச் சுட்டிக்கும் என்ன தொடர்பு? ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அம்மா, பதற்றத்தில், லோஷினியின் பக்கம் திரும்பினார்.

"லோஷி, உண்மையச் சொல்லும்மா. அம்மா திட்ட மாட்டேன்."

அதுதான் லோஷினிக்கு அதிகமாக வலித்தது. தவறு செய்தவளிடம்தானே 'திட்ட மாட்டேன்' என்று சொல்வார்கள்?

"கடைக்கு ஓடி ஒண்ணு வாங்கிட்டு வந்துர்றேன்" என்று யுகேந்திரன் மிதிவண்டியை எடுத்தான். வாசலில் பக்கத்து வீட்டு லூசி ஆன்ட்டி, முதல்நாள் சுண்டல் கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திருப்பித் தர வந்து நின்றார்.

"சுண்டல் ரொம்ப நல்லா இருந்துச்சுடா. தேங்காய் மட்டும் கொஞ்சம்..."

"ஆன்ட்டி, உங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா? அவசரம்!"

"லேப்டாப்ப என் மகன் பிரெட்ரிக் வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டான்லா. ஏன்டா, என்ன ஆச்சு?"

"லோஷி மவுஸ உடைச்சிட்டா!"

"அலமாக்!" என்று வாயில் கைவைத்தார் லூசி ஆன்ட்டி.

வாசல்வரை போய்விட்டது பழி. இன்னும் சற்று நேரத்தில் தெருக்கோடியை எட்டிவிடும். கண்களில் நீர் முட்ட, லோஷினி கணினியின் முன் வந்து அமர்ந்தாள். அம்மா அப்பாவைக் கைப்பேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். அப்பா எடுக்கவில்லை, வண்டி ஓட்டும்போது அவர் எடுப்பதில்லை.

லோஷினி கோபத்தில் சுட்டியை இறுகப் பிடித்தாள். அவளுடைய விரல் வலப்பக்கப் பொத்தானை அழுத்திவிட்டது.

திரையில் ஒரு சிறிய பட்டியல் பளிச்சென்று விரிந்தது.

லோஷினி கண்களைத் துடைத்துக்கொண்டாள். இடப்பக்கப் பொத்தானை அழுத்தினாள். பட்டியல் மறைந்தது. மறுபடி வலப்பக்கம், பட்டியல் வந்தது.

"அம்மா! இது சாகல!"

"என்னம்மா சொல்ற?"

"பாருங்க, அழுத்துனா கேக்குது. நகர்த்துனாத்தான் தெரிய மாட்டேங்குது. உயிர் இருக்கும்மா. கண்ணுதான் தெரியல."

"கண்ணா?"

"கீழ லைட் எரியுற இடம். அதை வெச்சுத்தான் இது மேசையைப் பாக்கும். உயிர் இருந்தா லைட்டும் எரியணும். எரிஞ்சா ஏன் வெளிச்சம் தெரியல?"

அண்ணன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தானே தவிர, முழுவதும் திருப்பிப் பார்க்கவில்லை. லோஷினி சுட்டியைக் கையிலெடுத்து மல்லாத்தினாள்.

அதன் வயிற்றின் நடுவே, விளக்கு எரிய வேண்டிய குழியை முழுவதுமாக அடைத்துக்கொண்டு, காய்ந்து இறுகிய சந்தனம். சந்தனத்தின் நடுவே குங்குமம். அழகான பொட்டு! சந்தனத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரலின் ரேகை பதிந்திருந்தது. மிகச் சிறிய விரல்.

"யாரு இங்க கொண்டுபோய்..." என்று தொடங்கிய அம்மா, கடிகாரத்தைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

லோஷினி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சமையலறைத் திரைச்சீலையைப் பார்த்தாள். அதன் அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. ஒரு பாதத்தின் விரல்கள் மற்றொரு பாதத்தை மிதித்துக்கொண்டிருந்தன. எப்போதும் ஓயாமல் பேசும் ஆறு வயதுத் தங்கை ரூபினியின் சத்தம் அன்று பிற்பகல் முழுவதும் ஏன் கேட்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

'இவள்தான்!' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி அவளைவிட்டுப் போய்விடும். ஆனால் ரூபினி அழத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டாள். அம்மாவும் அவளைத் தேற்றப் போய்விடுவார். தேர்வு?

"அம்மா, காது குடையுற பஞ்சுக் குச்சி எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள் லோஷினி.

அம்மா ஓடிப்போய் எடுத்துவந்தார். லோஷினி முதலில் சுட்டியின் கம்பியைக் கழற்றினாள். பல்குத்தும் குச்சியால் சந்தனத்தை மெதுவாகக் கிளறினாள். மஞ்சள் செதில்களாக உதிர்ந்தது. பிறகு பஞ்சை இலேசாக நனைத்துத் துடைத்தாள். அவ்வளவுதான், குங்குமம் கரைந்து குழி முழுவதும் இரத்தச் சிவப்பாகிவிட்டது!

"ஐயோ! இன்னும் மோசமாயிருச்சே!" என்றார் அம்மா.

"இருங்கம்மா. தண்ணி உள்ள இறங்கக்கூடாது. மெல்லத்தான் செய்யணும்."

அவள் குச்சியை மாற்றினாள். பஞ்சு சிவந்தது. இன்னொரு குச்சி, இளஞ்சிவப்பு. மற்றுமொன்று; வெள்ளையாகவே வந்தது. காய்ந்த பஞ்சால் ஈரத்தை ஒற்றியெடுத்து, ஊதி, கம்பியைச் செருகினாள்.

சுட்டியின் அடியில் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது.

மேசைமீது வைத்து நகர்த்தினாள். அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டு நின்ற அம்பு, கூண்டைவிட்டு வெளிவந்த சிட்டைப்போல் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பறந்தது.

அம்மா பெருமூச்சுவிட்டார். லோஷினியின் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்தார். மூன்று மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் தேர்வுப் பக்கம் திறந்தது.

லோஷினி திரைச்சீலையை விலக்கி, அதன் பின்னால் நின்றவளின் கையைப் பிடித்துச் சமையலறையின் கடைசிக்கு அழைத்துச்சென்றாள்.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள் ரூபினி. "நான் கெடுக்கல. பொட்டுத்தான் வெச்சேன்."

"ஏன் பாப்பா அடியில வெச்ச?"

"அங்கதானே விளக்கு எரியுது! நேத்துத் திருப்பிப் பாத்தேன், சிவப்பா, குட்டியா, அழகா எரிஞ்சுது. விளக்குக்குப் பொட்டு வைக்காம பூசை செய்யக்கூடாதுன்னு அம்மாதானே சொன்னாங்க? நீங்க எல்லாம் பெரிய விளக்குக்கு மட்டும் வெச்சீங்க. இதை மறந்துட்டீங்க!"

லோஷினிக்குச் சிரிப்புப் பொங்கியது. தேர்வு நடக்கிறதே என்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"அம்மாகிட்டச் சொல்லிருவியாக்கா?"

"நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"திட்டுனா?"

"திட்டுனா உன் கையை நான் பிடிச்சுக்குறேன்."

அந்த நேரத்தில் பின்கதவு திறந்தது. வியர்வையில் குளித்த யுகேந்திரன், ஒரு நெகிழிப்பையுடன் நின்றான்.

"மவுஸ் எல்லாம் முடிஞ்சுபோச்சாம். இது மட்டுந்தான் இருந்துச்சு" என்று மூச்சிரைத்தபடி, சுட்டிக்கு அடியில் விரிக்கும் அட்டையொன்றை வெளியே எடுத்தான். அதன்மேல் கொழுத்த பூனையின் படம் இருந்தது.

"உஷ்! அம்மா தேர்வு எழுதுறாங்க" என்றாள் லோஷினி.

"எதை வெச்சு?"

"அதே மவுஸ வெச்சுத்தான்."

சிவந்த பஞ்சுக் குச்சிகளை அவள் காட்டினாள். யுகேந்திரன் குச்சிகளைப் பார்த்தான், ரூபினியைப் பார்த்தான், பூனையைப் பார்த்தான்.

"நான்தான் கீழ பாத்தேனே!"

"நீ சாய்ச்சுத்தான் பாத்த. திருப்பிப் பாக்கல."

கணினி நிபுணர் பூனை அட்டையால் விசிறிக்கொள்ளத் தொடங்கினார்.

நெடுநேரம் கழித்துக் கூடத்தில் கைப்பேசி ஒலித்தது. "ஆமாங்க... ராசம்மாதான் பேசுறேன்... சரிங்க... ரொம்ப நன்றிங்க." பிறகு நாற்காலி நகரும் ஓசை. அம்மா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். தலையில் வைத்த பூ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"திங்கக்கிழமையே வந்து சேரச் சொல்லிட்டாங்க. காலையில போயி, சாயங்காலம் வந்துரலாம்."

"அப்ப ராத்திரி?" என்று கேட்டாள் ரூபினி.

"ராத்திரி வீட்லதான்."

"தினமுமா?"

"தினமும்தான்டா செல்லம்."

ரூபினி அக்காவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான்தான் மவுஸோட விளக்குக்குப் பொட்டு வெச்சேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அம்மா திகைத்து நின்றார். பிறகு சிரித்தார். கண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் லோஷினியின் முன் குனிந்தார்.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்லம்மா. மன்னிச்சிரு."

லோஷினி தலையசைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் பூனையின் மீசையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"சரி லா. சாரி."

"லூசி ஆன்ட்டி காதுலயும் விழணும். அவங்ககிட்டதானே சொன்ன?"

யுகேந்திரன் பெருமூச்சுவிட்டுச் சன்னலருகே போனான். "ஆன்ட்டி! லோஷி உடைக்கல! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!"

"எனக்கு அப்பவே தெரியும்டா!" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. "கிண்ணத்தை எடுத்துக்கிட்டியா?"

மாலையில் விளக்கேற்றியபோது, லோஷினி ரூபினியின் விரலைப் பிடித்து, சுட்டியின் முதுகில், இரண்டு பொத்தான்களுக்கும் சற்றுப் பின்னால், கடுகளவில் ஒரு பொட்டு வைக்கச் செய்தாள். சுட்டி பூனையின் வயிற்றின்மேல் பத்திரமாக அமர்ந்திருந்தது.

நடந்தது இவ்வளவே. இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு சுட்டி இருக்கலாம். அதன் அம்பு ஒருநாள் நின்றுபோகலாம். யாரேனும் யாரையேனும் நோக்கி விரல் நீட்டலாம். அப்போது நீங்கள் எழுந்து, நீட்டிய அந்த விரலை முதலில் மடக்கச் சொல்லுங்கள். பிறகு, சுட்டியை முழுவதும் திருப்பிப் பாருங்கள். சாய்த்துப் பார்த்தால் போதாது, முழுவதும் திருப்புங்கள்!